சளிக் கல்ச்சர் அறிக்கையை மேலிருந்து படியுங்கள்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்தின் சன்னலில் சளிக் கல்ச்சர் (சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையை வாங்கும் பெற்றோரின் கண் முதலில் எங்கே போகிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தாளின் அடிப்பகுதிக்குத்தான் போகிறது. அங்கே ஆன்டிபயாடிக் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் ஆகிய எழுத்துகளில் ஒன்று இருக்கும். ஆர் என்ற எழுத்து நான்கைந்து முறை வந்துவிட்டால், "எந்த மருந்தும் கேட்காதா?" என்று அங்கேயே முகம் வாடிவிடும். அப்படி நிற்கும் தாயிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்தத் தாளை மேலிருந்து படியுங்கள். மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது, ஆய்வகத்துக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள், என்ன கிருமி வளர்ந்தது, அது இதற்கு முன் வளர்ந்திருக்கிறதா என்ற வரிசையில் வந்து, அந்த எழுத்துகளைக் கடைசியில் பாருங்கள். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் செல்கிறது.

நன்றாக இருக்கும் குழந்தைக்கும் ஏன் இந்தப் பரிசோதனை?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணு நோய். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் சிஎஃப்டிஆர் என்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்டு வந்தால், செல்களின் வழியே உப்பும் நீரும் கடந்துசெல்வது தடைப்படுகிறது. குழந்தையை முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிப்பதும், மூச்சுக்குழாயில் சளி நீர்ப்பசை இழந்து கோந்துபோல ஒட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். மற்றக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் உள்ளே போகும் கிருமி சளியோடு சேர்ந்து மேலே தள்ளப்பட்டு வெளியேறிவிடும். இக்குழந்தைகளின் நெஞ்சிலோ அது தங்கி, பெருகி, நாளடைவில் நிலைத்துவிடுகிறது.

அப்படித் தங்கும் கிருமி முதல் சில மாதங்களில் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ தராமலே இருக்கக்கூடும். அந்தக் காலம்தான் அதை விரட்டுவதற்கு மிக ஏற்ற காலம். அதனால்தான் குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தாலும் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார்கள். இருமல் கூடினாலோ, சளியின் நிறம் மாறினாலோ, எடை குறைந்தாலோ இடையிலும் எடுக்கவேண்டும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று ஒரு முறையைத் தள்ளிப்போடுவது வீட்டுச் சூழலில் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் தவறக்கூடாத முறை அதுதான்.

இந்நோய் வெள்ளையருக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தில்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் தொடர்ந்து கண்டறிந்து சிகிச்சை அளித்து வந்ததால் அந்த எண்ணம் மெல்ல மாறியிருக்கிறது. எனினும், ஆஸ்துமா என்றும் காசநோய் என்றும் அடிக்கடி வரும் நிமோனியா என்றும் சில ஆண்டுகள் அலைந்தபிறகு இங்கே வந்துசேரும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். கைக்குழந்தையின் சளியில் சூடோமோனாஸ் என்ற கிருமி, அதிலும் குழகுழப்பான வகை, வளர்ந்தால் வியர்வைப் பரிசோதனை செய்துவிட்டீர்களா என்று நாங்களே மருத்துவரிடம் கேட்பதுண்டு. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலுக்குக் குறையாமல் இருந்தால் அது இந்நோயையே சுட்டும்.

மாதிரி எங்கிருந்து வந்தது?

அறிக்கையின் தலைப்பகுதியில் "ஸ்பெசிமன்" என்ற சொல்லுக்கு எதிரே இருப்பதுதான் முதலில் படிக்கவேண்டிய வரி. ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் தொண்டையிலிருந்தும் நெஞ்சின் ஆழத்திலிருந்தும் மாதிரி எடுத்தால் இரண்டும் வேறு வேறு விடையைத் தரலாம். எனவே, சென்ற முறை சளியில் வந்த முடிவையும் இந்த முறை தொண்டை ஸ்வாபில் (பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில்) வந்த முடிவையும் நேருக்கு நேர் வைத்து "குறைந்துவிட்டது", "கூடிவிட்டது" என்று சொல்ல இயலாது.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. மேலே வந்ததை விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தொண்டை ஸ்வாப் அல்லது இருமல் ஸ்வாப் எடுக்கிறோம். குழந்தையைத் தாயின் மடியில் எங்களைப் பார்த்தபடி உட்காரவைத்து, ஒரு கையை நெற்றியிலும் மறுகையைக் குழந்தையின் இரு கைகளுக்கு மேலும் அணைத்தாற்போல் வைத்துக்கொள்ளச் சொல்வோம். நாக்கை மெல்ல அழுத்தி, பஞ்சுக்குச்சியை நாக்கிலோ கன்னத்திலோ படவிடாமல் உள்நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைச் சுவர்வரை கொண்டுபோனால் குழந்தை ஓங்கரித்து இருமும். அந்த இருமலில் கீழிருந்து எழும்பி வரும் துளி குச்சியின் நுனியில் படவேண்டும். எல்லாம் இரண்டு மூன்று நொடி வேலைதான். ஆனால் குழந்தை இருமாமலே, நாக்கைத் தடவி எடுத்துவந்த குச்சி வாயில் வாழும் கிருமிகளை மட்டுமே காட்டும். ஆகவே, "குழந்தை நன்றாக இருமினானா?" என்பதை மாதிரி எடுத்தவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஸ்வாபை நுரையீரல் கழுவல் நீரோடு ஒப்பிட்ட பழைய ஆய்வுகள் சொன்னது இது: சிறு குழந்தைகளின் தொண்டையில் சூடோமோனாஸ் இல்லையென்றால் நெஞ்சிலும் பெரும்பாலும் இருக்காது, தொண்டையில் இருப்பதாலேயே நெஞ்சில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிற்பாடு, 2018இல் வெளியான, பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அடர்த்தியான உப்புநீரை நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவியில்) வைத்து, இருமவைத்து எடுத்த சளியில், இருமல் ஸ்வாபில் தென்பட்டதைவிட மிகுதியான கிருமிகள் கிடைத்தன. கைக்குழந்தைகளிடமும் இம்முறை கைகூடியது. எனவே, இருமல் தொடர்ந்துகொண்டே இருக்கும் குழந்தைக்கு ஸ்வாபில் மீண்டும் மீண்டும் எதுவும் வளரவில்லையென்றால், உப்புநீர் கொடுத்து எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பது நியாயமான கேள்வி. உப்புநீர் சில குழந்தைகளின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும் என்பதால் முன்னதாக மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, மருத்துவமனையிலேயே முதல்முறை செய்வார்கள்.

மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியை விட்டுப் பார்க்கும் ப்ராங்காஸ்கோப்பி வழியே நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி எடுக்கும் நீர்தான் மிகத் துல்லியமான மாதிரி. அறிக்கையில் பிஏஎல் என்று இருக்கும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யவேண்டியது ஆகையால் எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கைக்குழந்தைப் பருவம் தொட்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இதை அடிக்கடி செய்து அதன்படி மருத்துவம் பார்த்த குழந்தைகள் ஐந்து வயதில் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல் நலத்தோடு இருக்கவில்லை. குழந்தை தேறாமல் இருக்கும்போது, மற்ற வழிகளில் விடை கிடைக்காதபோது, இது தேவைப்படும்.

சளி துப்பத் தெரிந்த குழந்தையானால் மாதிரியின் தரம் பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. காலையில் பல் துலக்கி, வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்; கிருமிநாசினி கலந்த கொப்பளிப்பான் வேண்டாம். வழக்கமான சால்பியூட்டமால், உப்புநீர் நெபுலைசர், அதன்பின் நெஞ்சுப் பிசியோதெரபி என்ற வரிசையில் முடித்து, ஆழமாக இருமி வரும் சளியை அகன்ற வாயுள்ள மூடிபோட்ட கிருமி நீக்கிய குப்பியில் நேராகத் துப்பச் சொல்லுங்கள். டோப்ராமைசின், கொலிஸ்டின் போன்ற மருந்துகளை நெபுலைசரில் இழுக்கும் குழந்தையாக இருந்தால் அந்த வேளை மருந்தை மாதிரி எடுத்த பிறகே கொடுங்கள். புதிதாக எந்த ஆன்டிபயாடிக் தொடங்குவதானாலும் முதல் வேளைக்கு முன்பே மாதிரி எடுத்துவிடவேண்டும். நுரைத்துத் தண்ணீராக இருந்தால் அது எச்சில். கெட்டியாக, சற்று நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான் எங்களுக்கு வேண்டியது. ஒரு தேக்கரண்டி அளவு போதும்.

குப்பி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துசேரவேண்டும். வெளியூரிலிருந்து பேருந்தில் கொண்டுவருகிறவர்கள் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவரலாம். குளிர்பதனத்தில் வைத்த மாதிரியை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த இயலும், ஆனால் உறையவிடக்கூடாது. சித்திரை வெயிலில் பையில் கிடந்து வரும் சளியில் வாயின் கிருமிகள் பெருகி, தேடும் கிருமியை மூடிவிடும்.

படிவத்தில் நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா?

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியின் சளி "நாள்பட்ட இருமல்" என்ற குறிப்போடு மட்டும் வந்தது. கிருமியை வளர்க்க வழக்கமாகப் போடும் மூன்று தட்டுகளில் போட்டேன். மறுநாளே சூடோமோனாஸ் தட்டு முழுவதும் பரவிவிட்டது; இரண்டாம் நாள் அறிக்கையை எழுதிவிட்டுத் தட்டுகளை அழித்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து அதே குழந்தையின் மாதிரி வந்தபோது படிவத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று எழுதியிருந்தது. அதற்கான தனித் தட்டுகளில் போட்டோம். நான்காம் நாள் பர்கோல்டீரியா என்ற, மெதுவாக வளரும் கிருமி வளர்ந்தது. முதல் மாதிரியிலும் அது இருந்திருக்கலாம், நாங்கள் தேடவில்லை. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நோயின் பெயர் தெரிந்தால் ஆய்வகம் செய்யும் வேலையே மாறுகிறது. மற்றவர்களின் சளியில் வாய்ச் செல்கள் மிகுதியாக இருந்தால் "இது எச்சில், மறுபடி கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவோம். இக்குழந்தைகளின் மாதிரியை அந்தக் காரணத்துக்காகத் தள்ளக்கூடாது. பர்கோல்டீரியாவுக்கென்று, மற்றக் கிருமிகளை அடக்கிவைக்கும் மருந்துகள் கலந்த அகர் (தட்டில் ஊற்றும் வளர்ப்புக் கூழ்) தனியே உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு உப்பு மிகுந்த மேனிட்டால் அகர் வேண்டும். இல்லையென்றால் சூடோமோனாஸின் அடியில் அது மறைந்துவிடும். பூஞ்சைக்குச் சபரோ அகர். தட்டுகளையும் இரண்டு நாளோடு தூக்கி எறியாமல் ஐந்து நாளாவது வைத்துப் பார்க்கவேண்டும். ஆதலால் படிவத்தில் நோயின் பெயர், தற்போது எடுக்கும் ஆன்டிபயாடிக்குகள், இதற்கு முன் வளர்ந்த கிருமிகள் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் செவிலியரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

தட்டில் நடப்பது என்ன?

சளி கோந்துபோல இருப்பதால் முதலில் அதை இளக்கும் மருந்தோடு கலக்கி நீர்க்கச் செய்வோம். ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவி, கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சீழணுக்கள் எவ்வளவு, கிருமி எந்த வடிவம் என்பது அன்றே தெரியும். மீதியை அகர் தட்டுகளில் கோடு கோடாக இழுத்து, 35 முதல் 37 டிகிரி வெப்பத்தில் வைப்போம்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறக்கும்போதே சூடோமோனாஸ் தெரிந்துவிடும். தட்டில் நீலப்பச்சை ஓடியிருக்கும், மூடியைச் சற்றே தூக்கினால் பழுத்த திராட்சையின் வாசனை வரும். நெடுநாள் நெஞ்சில் தங்கிய வகையானால் காலனிகள் (கிருமி திரண்ட புள்ளிகள்) தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று வழிந்து, கம்பியால் தொட்டுத் தூக்கினால் நறுக்கிய வெண்டைக்காய்போல நூல் நூலாக இழுபடும். அறிக்கையில் "மியூகாய்டு" என்று எழுதுவது இதைத்தான். தன்னைச் சுற்றி அல்ஜினேட் என்ற குழம்பைச் சுரந்து, அதற்குள்ளே அந்தக் கிருமி வாழப் பழகிவிட்டது என்று பொருள். மருந்தும் உடலின் வெள்ளணுக்களும் அந்தக் குழம்பைக் கடந்து உள்ளே போவது கடினம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் தருவது முதற்கட்ட அறிக்கை. "ப்ரிலிமினரி" என்று இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பின் வருவதே இறுதி அறிக்கை. முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதை வாங்காமல் போய்விடும் குடும்பங்கள் பல. பர்கோல்டீரியா போன்ற மெதுவாக வளரும் கிருமிகள் இரண்டாவதில்தான் வரும்.

வளர்ந்ததன் பெயர்

"நார்மல் ஃப்ளோரா" என்றால் வாயிலும் தொண்டையிலும் எல்லோருக்கும் இருக்கும் கிருமிகள் மட்டுமே வளர்ந்தன என்று பொருள். அதற்கு மருந்து தேவையில்லை. "நோ க்ரோத்" என்பது வேறு. தொண்டை வழியே வந்த மாதிரியில் எதுவுமே வளரவில்லையென்றால், குழந்தை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்ததா, குச்சி காய்ந்துபோயிற்றா என்று யோசிக்கவேண்டும். கேண்டிடா என்ற பூஞ்சை பெரும்பாலும் வாயிலிருந்து வருவது.

சிறு வயதில் மிகுதியும் வளர்பவை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே ஆகிய இரண்டும். ஸ்டஃபைலோகாக்கஸில் செஃபாக்சிட்டின் அல்லது ஆக்சசிலினுக்கு எதிரே ஆர் இருந்தால் அது எம்ஆர்எஸ்ஏ. வழக்கமான பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் அதனிடம் பலிக்காது. ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் என்ற கிருமிக்கு மெரோபெனம் எதிர்ப்பு பிறவியிலேயே உண்டு; அதைப் பார்த்து "கடைசி மருந்தும் போயிற்று" என்று பதறவேண்டியதில்லை, அதற்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற எளிய மருந்துதான் முதன்மையானது. அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்ததாலேயே பூஞ்சை ஒவ்வாமை நோய் என்று முடிவுகட்ட இயலாது. இரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்தின் அளவும் மூச்சின் நிலையும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா முதன்முறையாக வளர்ந்தால், அதை அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்கவேண்டும். டோப்ராமைசின் 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, 28 நாட்கள் நெபுலைசரில் கொடுப்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. வாய்வழி சிப்ரோஃப்ளாக்சசினும் நெபுலைசர் கொலிஸ்டினும் சேர்த்துக் கொடுப்பது பிரிட்டனில் வழக்கம். பெரும்பாலான குழந்தைகளில் இந்த முதல் முயற்சியிலேயே கிருமி மறைந்துவிடுகிறது. மருந்து முடிந்த சில வாரங்களில் மறுபடி கல்ச்சர் எடுத்தால்தான் அது மறைந்ததா என்று தெரியும். அந்த மறு பரிசோதனை இல்லாமல் சிகிச்சை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. மீண்டும் வந்தால், நெபுலைசர் கப்பை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி, நாள்தோறும் ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, நன்கு உலரவைக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். ஈரம்தான் இக்கிருமியின் வீடு. கொதிக்கவைக்கக்கூடிய கப்பா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பர்கோல்டீரியா செபேசியா என்ற பெயர் வந்தால், இரண்டு காரணங்களுக்காக நிதானமாகப் படிக்கவேண்டும். முதலாவது, அது ஒரே கிருமி இல்லை. இருபதுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட கூட்டம். அவற்றுள் சில குழந்தையை அதிகம் வருத்துவதில்லை. செனோசெபேசியா போன்றவை நுரையீரலை விரைந்து கெடுக்கும், ஒரு குழந்தையிலிருந்து இன்னொரு குழந்தைக்கும் பரவும். எனவே இனம் எதுவென்று உயர்நிலை ஆய்வகத்தில் உறுதிசெய்யச் சொல்லவேண்டும். இரண்டாவது காரணம் நம் மண்ணுக்கே உரியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்கோல்டீரியா சூடோமல்லே என்ற கிருமி மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருவது. சாதாரணக் கருவிகள் இதைச் செபேசியா என்றோ வெறும் சூடோமோனாஸ் என்றோ தவறாகச் சொல்லிவிடுவதுண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் ஆர், ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலத்துக்கு எஸ் என்று வந்தால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான். அதற்கு மருத்துவமும் வேறு: பொதுவாகக் குறைந்தது இரண்டு வாரம் நரம்பு வழி ஊசி, அதன்பின் மூன்று மாதமளவு மாத்திரை. மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் குழந்தை விளையாடியிருந்தால், வெளிநாட்டில் வாழும் குடும்பம் விடுமுறைக்கு ஊருக்கு வந்து போயிருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அயல்நாட்டு மருத்துவருக்கு இந்தக் கிருமி நினைவுக்கு வராமல் போகக்கூடும்.

இப்போது அந்த எழுத்துகள்

எஸ் என்றால் வழக்கமான அளவில் அந்த மருந்து கிருமியை அடக்கும். ஆர் என்றால் அடக்காது. ஐ என்பதற்கு ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் 2019 முதல் "மருந்தின் அளவையோ வெளிப்பாட்டையோ கூட்டினால் கேட்கும்" என்றே பொருள் தந்திருக்கிறது. அதைப் பாதித் தோல்வி என்று எண்ணவேண்டாம்.

இவ்வெழுத்துகள் எப்படி முடிவாகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் விலகிவிடும். மருந்தை விழுங்கினாலோ ஊசியாகப் போட்டாலோ இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பதை வைத்தே எல்லைக்கோடு வரையப்பட்டிருக்கிறது. நெபுலைசரில் இழுக்கும் டோப்ராமைசின் சளியில் அதைவிடப் பன்மடங்கு செறிவில் சேர்கிறது. ஆகவே தாளில் ஆர் என்று இருந்தும் குழந்தைக்குப் பலன் கிடைக்கலாம். மேலும், நாங்கள் சோதிப்பது தட்டில் தனித்து வளர்ந்த ஒன்றிரண்டு காலனிகளை. நெஞ்சிலோ ஒரே சூடோமோனாஸின் பல வடிவங்கள், சில மருந்துக்கு அடங்குபவை, சில அடங்காதவை, குழம்புக்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதனால்தான் நாள்பட்ட சூடோமோனாஸ் தொற்றில் இந்தப் பட்டியல் சிகிச்சையின் பலனை முன்கூட்டிச் சொல்வதில்லை என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மருத்துவர் ஆர் இருக்கும் மருந்தையே தொடரச் சொன்னால், அறிக்கையைப் பார்க்காமல் சொல்கிறார் என்று உடனே எண்ணிவிடாதீர்கள். சென்ற முறை அந்த மருந்தில் குழந்தை தேறியதை அவர் கணக்கில் எடுத்திருப்பார். காரணத்தைக் கேளுங்கள், சொல்வார். முதன்முறை வளர்ந்த கிருமிக்கும், எம்ஆர்எஸ்ஏ போன்றவற்றுக்கும் இந்தப் பட்டியலின் மதிப்பு கூடுதல் என்பதையும் மறக்கவேண்டாம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் எஸ் இருக்கும் மருந்தை வாங்கிக் கொடுப்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

காசநோய் என்ற குழப்பம்

நம் நாட்டில் நெஞ்சுப் படத்தில் நிழல், எடைக் குறைவு, நாள்பட்ட இருமல் மூன்றும் சேர்ந்தால் காசநோய் மருந்து தொடங்கிவிடுவது வழக்கம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தையின் சளியில் ஏஎஃப்பி சாயத்தில் (காசநோய்க் கிருமியைத் தேட இடும் சாயத்தில்) கிருமி தெரிந்தாலும் அது காசநோயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்ற வேறொரு கூட்டமும் அதே சாயத்தில் அதே சிவப்பாகத் தெரியும். ஏஎஃப்பி பாசிட்டிவ், ஆனால் சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தால் இந்தக் கூட்டத்தை நினைக்கவேண்டும். இதற்கான கல்ச்சர் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மாதிரியில் சூடோமோனாஸ் இருப்பது தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆக்சாலிக் அமிலம் சேர்த்துக் கூடுதலாகச் சுத்திகரிக்காவிட்டால் சூடோமோனாஸ் குப்பியை நிரப்பி, தேடும் கிருமியை வளரவிடாது. சளி துப்பும் வயது வந்த குழந்தைக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும். ஒருமுறை வளர்ந்ததாலேயே மருந்து தொடங்குவதில்லை; வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சளியிலாவது வளர்ந்து, மூச்சின் நிலையும் ஸ்கேனும் ஒத்துவரவேண்டும். அதே வேளையில், குழந்தை நெடுநாளாக அசித்ரோமைசின் எடுத்துவந்தால் அதைத் தனியாகத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள். இக்கிருமி இருக்கும்போது அந்த ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பு வளர்ந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

தனி ஓர் அறிக்கை ஒரு நாளின் செய்தி மட்டுமே. நூறு பக்க நோட்டு ஒன்றில் தேதி, மாதிரியின் வகை, வளர்ந்த கிருமி, அதன் அளவு, அப்போது கொடுத்த மருந்து, குழந்தையின் எடை என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவாருங்கள். பிரிட்டனின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் 2003இல் வகுத்த அளவுகோல் இப்படிப்பட்ட வரிகளைக் கொண்டே கணக்கிடப்படுவது: கடந்த 12 மாதத்தில் மாதிரி எடுத்த மாதங்களில் பாதிக்கு மேல் சூடோமோனாஸ் வளர்ந்திருந்தால் அது நிலைத்த தொற்று, பாதியோ அதற்குக் குறைவோ என்றால் இடையிடையே வருவது, முன்பு வந்திருந்தும் 12 மாதம் வராமலே இருந்தால் நீங்கியது. எந்த வகை என்பதைப் பொறுத்தே விரட்டும் சிகிச்சையா, அடக்கிவைக்கும் சிகிச்சையா என்று முடிவாகும்.

2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, சிஎஃப்டிஆர் புரதத்தையே ஓரளவு செயல்பட வைக்கும் மூன்று மருந்துக் கூட்டு கிடைக்கும் குழந்தைகளுக்குச் சளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. துப்பச் சொன்னால் எதுவும் வருவதில்லை. அவர்களுக்கும் மூன்று மாதக் கல்ச்சர் நிற்கக்கூடாது; ஸ்வாபோ உப்புநீர் முறையோ கொண்டு தொடரவேண்டும். மாதிரியின் வகை மாறிய தேதியை நோட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டையும் முந்தைய இறுதி அறிக்கையையும் கொண்டுபோங்கள். காத்திருக்கும் இடத்தில் இதே நோயுள்ள வேறு குழந்தை இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி, முகக்கவசத்தோடு உட்காருங்கள். அந்தப் பெற்றோரிடம் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் வீட்டுக்குத் திரும்பியபின் தொலைபேசியில் மனம்விட்டுப் பேசலாம். மருத்துவரின் அறைக்குள் போனதும், "சென்ற முறை இறுதி அறிக்கையில் என்ன வந்தது, இந்த முறை எந்த மாதிரி எடுக்கப்போகிறீர்கள்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.